பீடோங்கில் காய்ச்சல் விட்ட காலை

மலேசியாவில் நான் உற்றுப் பார்த்த முதல் தண்ணீர், என் தங்கை வீட்டுக் குளியலறைத் தொட்டியில் கிடந்தது. முகம் கழுவத்தான் உள்ளே போனேன். கை தானாகப் போன் விளக்கைப் போட்டது. குனிந்து, தொட்டியின் ஓரத்தில் சாய்வாக வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வந்த காலோட ஆரம்பிச்சிட்டியா அக்கா?" என்று வாசலில் நின்ற தங்கை தனம் தலையில் அடித்துக்கொண்டாள்.

என் பிழைப்பு அப்படி. தென்காசிப் பக்கம் ஒரு நகராட்சியில் ஒப்பந்தத்துக்குக் கொசு ஒழிப்பு வேலை பார்க்கிறேன். பதினோரு வருடமாக வீடு வீடாகப் போய்த் தொட்டி, டிரம், பூச்சாடி, பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு என எல்லாவற்றிலும் புழு தேடுகிறேன். தனம் பீடோங் பக்கம், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு இருபத்தைந்து வருடம் ஆகிறது. "ஒரே ஒரு மாரியம்மன் திருவிழாவுக்காவது வா" என்று வருடாவருடம் கூப்பிடுவாள். இந்த முறைதான் வர முடிந்தது.

தொட்டி சுத்தமாக இருந்தது. தங்கையைப் பாராட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே வேலியோரம் மங்குகள் கிடந்தன. ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டிவைக்கும் கிண்ணத்துக்கு இங்கே மங்கு என்று பெயர். ரப்பருக்குப் பெயர் கித்தா. கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது, எதற்காவது ஆகும் என்று வீட்டுக்கு வீடு அள்ளி வந்திருக்கிறார்கள். எதற்கும் ஆகவில்லை, கொசுவுக்கு ஆகியிருந்தது. வாய் திறந்து கிடந்த ஒவ்வொரு மங்கிலும் மழைத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் நெளிகிற கூட்டம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் கவிழ்த்தேன். பிறகு பக்கத்து வீட்டு மங்குகளையும் கவிழ்த்தேன். அதற்கு அடுத்த வீட்டில் ஒரு பெண்மணி, "யாரு நீங்க? எங்க மங்க ஏன் தொடுறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"புழு இருக்குலா!" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "பாரேன், வந்த அன்னிக்கே லா போட்டுப் பேசுறாங்க!" என்று உள்ளே பார்த்துக் கூவினார். எங்கள் பக்கம் இந்த 'லா' பிறந்த நாளிலிருந்தே நாக்கில் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் அந்த வீட்டு வரிசை முழுக்க எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: கொசு அக்கா.

தங்கை கணவர் மணியம் இருட்டுவதற்குள் வந்துவிட்டார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஆள் தேக்குமரம் மாதிரி இருப்பார். அன்று லோரியிலிருந்து இறங்கும்போதே கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். கண் சிவந்திருந்தது.

"நேத்து சாயந்தரத்துலேர்ந்து டெமாம் அக்கா. கண்ணுக்குப் பின்னால வலிக்குது. மாத்திர போட்டாச்சு, சரியாயிரும்லா" என்றார். டெமாம் என்றால் காய்ச்சல். நான் வாய் திறப்பதற்குள், "ஞாயித்துக்கெழம காவடி. விரதத்துல இருக்கேன். கிளினிக் பக்கம் போனா ஊசியப் போட்டுப் படுக்கவச்சிருவாங்க" என்று முடித்துவிட்டார். லோரியை இரண்டு நாள் விட்டால் வேறு ஆள் கைக்குப் போய்விடும் என்பதைத் தனம் அடுப்படியில் மெதுவாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பீடோங் பார்க்கப் போனேன். தங்கை மகள் ஷாலினி வேலைக்குப் போகும் வழியில் காடியில் இறக்கிவிட்டாள். இங்கே காருக்குக் காடி. சின்ன ஊர். ஒரு தெருவில் நின்றால் ஊரே தெரிகிறது. மோட்டார் சைக்கிள்களின் சத்தமும் வெயிலும் எங்கள் ஊர் மாதிரியே. ஆனால் ஆரன் அடிக்க மாட்டேன் என்கிறார்கள். சாலையைக் கடக்கும்போது வண்டிக்காரர் நின்று வழிவிட்டால், எனக்கு ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி பயமாக இருந்தது.

தமிழ் முஸ்லிம் அண்ணன் ஒருவர் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டேன். நம் பரோட்டாவின் மெலிந்த தங்கை. ஊரைச் சொன்னதும் கடைக்காரர் மேசையைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். "எங்க பாட்டனார் கடையநல்லூர்தான்!" என்று உட்கார்ந்தே விட்டார். வீட்டில் எல்லோரும் விரதம். வெளியே வந்த எனக்கோ கோழிக்குழம்பின் வாசனை. சோறும் கோழியும் வாங்கினேன். ஊர்க்காரி என்று ஒரு துண்டு கூடுதலாக வைத்தார். கல்லில் ரொட்டி வீசிக்கொண்டிருந்தவர் தடுமாறுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "மாஸ்டருக்கு டெமாம். அவருதான் ரெகுலர் ஆளு. இது மச்சான், வட்டமா வரமாட்டேங்குது" என்றார் கடைக்காரர்.

திரும்பும்போது பஸ் மாறி ஏறிவிட்டேன். ஜன்னல் கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. விழித்தபோது குருண் என்ற வேறு ஊர். எனக்கு மலாய் தெரியாது. பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த சீனப் பெரியவரிடம் கையைக் காலை ஆட்டி "பீடோங், பீடோங்" என்றேன். அவர் நிதானமாக, "தப்பு பஸ் ஏறிட்டியா தங்கச்சி? ஒக்காரு, வரும்" என்று தோட்டத்துத் தமிழில் சொன்னார். சின்ன வயதில் அவர் குடும்பம் தோட்டத்துக்குள் மளிகைக்கடை வைத்திருந்ததாம். பேச்சு என் வேலைக்கு வந்தது. "எங்க தமான்ல போன வாரம் பொக அடிச்சாங்க. நாலு வீட்டுல டெங்கி" என்றார். தமான் என்பது வீடமைப்புப் பகுதி. பறக்கிற கொசுவுக்குத்தான் புகை, தண்ணீரில் நெளிகிறதற்கு அது ஒன்றும் செய்யாது என்று நான் விளக்க, அவர் எழுந்து கடைக்குப் பின்னால் போய் எதையோ கவிழ்க்கும் சத்தம் கேட்டது. பஸ் வந்ததும் டிரைவரிடம் மலாயில் நீளமாக ஏதோ சொல்லி என்னை ஏற்றிவிட்டார். என்ன சொன்னாரோ, டிரைவர் பீடோங் வரும்வரை கண்ணாடியில் என்னையே கண்காணித்துக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை மணியத்துக்குக் காய்ச்சல் குறையவில்லை. வரிசை வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு மருந்தோடு வந்தார்கள். ஒருவர் பப்பாளி இலைச் சாறு. எங்கள் ஊரில் நிலவேம்புக் கஷாயம், கசப்பில் இரண்டும் சமம். ஒருவர் நண்டு சூப்தான் கைகண்டது என்றார். "அவரு விரதம்மா!" என்று தனம் கத்த, "அப்ப நண்டு இல்லாம தண்ணிய மட்டும் குடிக்கட்டும்" என்று அவர் இறங்கிவந்தார். மணியமே சிரித்துவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. "தம்பி, ரத்தம் மட்டும் குடுத்துப் பாத்திருவோம். அரை மணி நேர வேலைலா" என்றேன்.

"திங்கக்கெழம காலைல மொத ஆளா போறேன் அக்கா. சத்தியம்."

அதற்கு மேல் எப்படிச் சொல்வது? நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஊரில் என்னைக் கண்டாலே கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. ஆனால் என் வார்டில் ஒரு தையல்காரர் இருந்தார். நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் விட்டுவிட்டது என்று மிஷினில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடச் சட்டையைத் தைத்து முடித்தார். மறுநாள் அவர் இல்லை. டெங்குவில் காய்ச்சல் கொதிக்கும்போது இருப்பதைவிட, அது இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ஆபத்து அதிகம் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தையல்காரருக்கு யாரும் சொல்லவில்லை. இதைத் தனத்திடம் சொன்னேன். அவள் மாவாட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மணியத்தின் குரல்தான் என்னை எழுப்பியது. மஞ்சள் வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்றார்.

"அக்கா, தொட்டுப் பாருங்க! ஜில்லுனு இருக்கு. ஆத்தா எறக்கி வச்சிட்டா!"

தொட்டேன். நெற்றி ஈரமாக இருந்தது. கையைப் பிடித்தால் அது அதைவிடக் குளிர்ச்சி. வீடு முழுக்கச் சந்தோஷம். ஷாலினி போனில் பாட்டுப் போட்டாள். மணியம் குளியலறைக்குப் போனவர் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். பல் துலக்கிய இடத்தில் பீங்கான் வெளிர்ச்சிவப்பாக இருந்தது.

காவடி என்றால் சும்மா தோளில் தூக்குவதில்லை. முதுகில் கொக்கிகள், கன்னத்தில் அலகு. கன்னத்தின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும் வேல். ஈறிலேயே ரத்தம் கசிகிற ஆளுக்கு.

"தம்பி, குத்தாதீங்க. ரத்தம் நிக்காது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று கெஞ்சினேன்.

"பத்து வருசமா குத்துறேன். ஒரு சொட்டு வந்ததில்ல. காய்ச்சலே விட்டுப் போச்சு, இப்பப் போயி ஆஸ்பத்திரியா?" என்றவர் முதல் முறையாக என்மேல் கோபப்பட்டார். "ஊர்லேர்ந்து வந்தீங்க, சாமியப் பாருங்க, சாப்பிடுங்க, போங்க."

தனம் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "நான் சொன்னாலும் கேக்க மாட்டாரு. பண்டாரம் சொன்னா கேப்பாரு" என்றாள்.

காவடிகள் புறப்படும் ஆற்றங்கரைக்கு ஓடினேன். உருமி மேளம் காதைப் பிளந்தது. பண்டாரம், அதாவது கோயில் பூசாரி, ஒல்லியான மனிதர். வாரநாட்களில் ஒரு தொழிற்சாலையில் காவலாளி வேலை. தட்டு நிறைய வேல்களை எலுமிச்சம்பழத்தில் துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க நின்றேன்.

"சாமி, மணியத்துக்கு அலகு குத்தாதீங்க."

"நீங்க யாரும்மா?"

"தனத்தோட அக்கா."

"ஓ, கொசு அக்காவா?" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அதற்குள் மணியமும் வந்து அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"ஈறுல ரத்தம் வந்துச்சாடா?"

மணியம் என்னை முறைத்துவிட்டு, "லேசா" என்றார்.

"வயித்து வலி?"

மணியத்தின் கை தானாக விலாவுக்குப் போனது.

பண்டாரம் கையில் இருந்த வேலைத் தட்டில் வைத்தார். "என் கையால குத்தி ஒனக்கு ரத்தம் நிக்கலைன்னா, நான் ஆத்தா முன்னால எப்பிட்றா நிப்பேன்? எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போ."

அந்தப் பெரிய உடம்பு அப்படியே குலுங்கி அழுததைப் பார்க்க முடியவில்லை. "வேண்டுதல் சாமி" என்றார். "ஷாலினிக்கு வேல கெடச்சதுக்கு வேண்டிக்கிட்டது."

"ஒனக்குப் பதிலா வூட்டு ஆளு யாராவது பால்குடம் எடுக்கட்டும். ஆத்தா ஏத்துக்குவா."

தனம் கணவரோடு போக வேண்டும், ஷாலினி காடி ஓட்ட வேண்டும். மிச்சம் நான்தான். "நான் எடுக்கேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வெள்ளிக்கிழமைக் கோழி நினைவுக்கு வந்தது. பண்டாரத்தின் காதருகே போய், "சாமி, முந்தாநாள் நான் கோழி…" என்று ஆரம்பித்தேன்.

"யாரும்மா கேட்டா?" என்று பாதியில் வெட்டினார். "மேளச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. ஆத்துல முங்கிட்டு வாங்க."

அடுத்த சோதனை காடி. தோட்டத்துச் சாலை நெடுக வண்டிகள் நெருக்கி நின்றதில் ஷாலினியின் காடி நடுவில் மாட்டிக்கொண்டது. அன்னதானத்துக்கு அழைத்துக்கொண்டிருந்த மைக் சட்டென்று மாறியது. "செவப்புக் காடி ஓனர், வெள்ள வேன் ஓனர், ஒடனே வந்து வண்டிய எடுங்க. ஆள் சீரியஸ். ஆத்தா மேல ஆணையா எடுங்க!" கையில் சோற்றுத்தட்டோடு நாலா பக்கமிருந்தும் ஓடிவந்தார்கள். ஒருவர் சாப்பிட்ட கையை மேலே தூக்கிக்கொண்டு ஒரே கையால் வேனைப் பின்னால் எடுத்தார். வழி திறந்தது. தனத்தின் மடியில் தலைவைத்து மணியம் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

நான் ஈரப்புடவையோடு பால்குடத்தைத் தலையில் வைத்தேன். கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்கால் வைக்க முடியவில்லை. முன்னால் போன பெண்கள் ஆடிக்கொண்டே போனார்கள். நான் குதித்துக்கொண்டே போனேன். வழியில் தண்ணீர் கொடுத்த இடத்தில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர் என் காலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். அந்த நிமிடம் அவரையும் கும்பிட்டேன். கடைசி ஆளாகச் சந்நிதிக்கு வந்து குடத்தைக் கொடுத்தபோது மதியம் திரும்பியிருந்தது. அப்போதுதான் ஷாலினி போன் செய்தாள்.

"பெரியம்மா, அப்பாவ வார்டுல போட்டாச்சு. டெங்கியேதான். பிளேட்லெட் ரொம்ப எறங்கிருச்சாம். டிரிப் போட்டிருக்காங்க. டாக்டர் சொல்றாரு, இன்னும் அரை நாள் விட்டிருந்தா சூசாவாம்." சூசா என்றால் கஷ்டம். அவள் அழுதாள். நானும் கோயில் வாசலில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணியத்தின் முகம் தெளிந்திருந்தது. கண்டம் இன்னும் முழுதாகத் தாண்டவில்லை என்றாலும் ரத்த அளவு நிலைக்கு வந்துகொண்டிருக்கிறது என்று நர்ஸ் சொன்னாராம். உப்பில்லாத கஞ்சியைப் பற்றி ஒரு புகார்ப் பட்டியலே வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"கோவத்துல பேசிட்டேன் அக்கா."

"அத விடுங்க தம்பி."

"பால் சிந்தாம போச்சா?"

"கால்வாசி என் தலையிலதான்லா" என்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்காரர், என்ன சொன்னேன் என்று மணியத்திடம் கேட்டு, டிரிப் ஏறிய கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கும் டெங்குதான்.

செவ்வாய்க்கிழமை சுகாதாரத் துறை வேன் தோட்டத்துக்கு வந்தது. இறங்கியவர் ரோஹானா என்ற மலாய்ப் பெண். என் வயதுதான் இருக்கும். அவர் முதல் வீட்டுத் தொட்டியில் விளக்கைச் சாய்த்து அடித்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நானும் என் போன் விளக்கைச் சாய்த்துக் காட்டினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். லீவு போட்டிருந்த ஷாலினி மொழிபெயர்த்தாள். "நீங்களும் இந்த வேலையான்னு கேக்குறாங்க." "வேலைக்குப் போற வீட்டுல நாய் கடிச்சிருக்கான்னு கேக்குறாங்க." இரண்டு முறை என்று விரல் காட்டினேன். அவர் மூன்று விரல் காட்டினார்.

நாங்கள் தொட்டித் தண்ணீரில் மருந்தைத் திரவமாக ஊற்றுவோம். அவர்கள் மணல் மாதிரித் தூவுகிறார்கள். வீடு வீடாகச் சேர்ந்தே போனோம். வரிசை முடிந்ததும் நான் நின்றுவிட்டேன். ரோஹானா நிற்கவில்லை. செம்பனைக்குள் இன்னும் கொஞ்ச தூரத்தில் பலகை வீடுகள் இருந்தன. குலை வெட்ட வந்த வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் தங்குமிடம். அங்கே குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர். வாசலில் எட்டு டிரம்கள் திறந்து கிடந்தன. எட்டிலும் புழு.

ஒரு கட்டிலில் ஒருவர் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். இரண்டு நாளாகக் காய்ச்சல், யாரிடமும் சொல்லவில்லை, வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்று அவருடைய கூட்டாளி ரஃபிக் மலாயில் சொன்னார். ரோஹானா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசி, கைத்தாங்கலாக வேன்வரை கூட்டிப்போய், டிரைவரோடு கிளினிக்குக்கு அனுப்பிவைத்தார்.

பிறகு டிரம்மைச் சாய்க்கப் போனோம். ரஃபிக் குறுக்கே வந்து டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மலாயில் கத்தினார். ஷாலினி மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லை. இந்தப் பேச்சை என் ஊரில் ஆயிரம் வாசலில் கேட்டிருக்கிறேன். கொட்டிவிட்டுப் போய்விடுவீர்கள், நாளைக்கு எதைக் குடிப்பது? பத்து நாளைக்கு ஒருமுறை குழாய் வரும் தெருவில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்திருக்கிறேன்.

"துணி வேணும்" என்றேன் ஷாலினியிடம். "அடர்த்தியான துணி. நெறைய."

அவள் இரவல் மோட்டார் சைக்கிளில் பறந்துபோய், ஒரு பெரிய மூட்டையோடு வந்தாள். திருவிழாவுக்கு வாங்கி மிஞ்சிய மஞ்சள் துணி. கோயில் அறை திறந்துதான் கிடந்தது என்றாள். தண்ணீரைத் துணியில் வடிகட்டினோம். டிரம்மின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினோம். வடித்த தண்ணீரைத் திரும்ப ஊற்றினோம். ரோஹானா குடிதண்ணீருக்கும் ஆகிற மருந்தைக் கொஞ்சம் தூவினார். ரஃபிக் பழைய டயர் டியூபை வளையம் வளையமாக வெட்டித்தந்தார். அதைப் போட்டு ஒவ்வொரு டிரம் வாயிலும் துணியை இறுக்கினோம். ரோஹானா போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். வியர்வையில் நனைந்து, எட்டு மஞ்சள் முண்டாசுகளைப் பார்த்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் பண்டாரம் வந்தார். தொழிற்சாலைக் காவலாளிச் சட்டையோடு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. கோயில் துணியைத் தேடி வந்திருக்கிறார். ஷாலினி என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். "சாமி, நான்தான் கேட்டேன்…" என்று நான் இழுத்தேன்.

அவர் சைக்கிளை மரத்தில் சாய்த்தார். முதல் டிரம்மிலிருந்து கடைசி டிரம்வரை, பிரகாரம் சுற்றுகிற மாதிரி மெதுவாக நடந்து பார்த்தார். எட்டாவதற்கு முன்னால் நின்று, குனிந்து, ஒரு ஓரத்தை விரலால் தூக்கினார்.

"இந்தப் பக்கம் தொங்குது பாருங்கம்மா" என்றார். "நல்லா இறுக்கிக் கட்டுங்க."